காசு கட்டாமல் ஆய்வுக் கட்டுரையைத் திறந்துவைக்க என்ன வழி?

கேள்வி: நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மணக்குடி காயலின் சேற்று நண்டுகள்தான் பொருள். முதல் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. இப்போது என் கல்லூரியில் எனக்கே அது திறக்கவில்லை. தகவல் தந்த மணக்குடி மீனவர்களும் பிரதி கேட்கிறார்கள். இரண்டாவது கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாளே "ஏற்றுக்கொண்டோம், ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் 12,500 ரூபாய்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டலாமா? ஓப்பன் ஆக்சஸ் என்றாலே காசுதானா?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 12,500 ரூபாயைக் கட்டாதீர்கள். அவர்கள் அனுப்பும் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். ஐந்து நாளுக்குள் இரண்டு நடுவர்கள் ஒரு நண்டுக் கட்டுரையைப் படித்து, இனங்காணல் சரியா என்று பார்த்து, மாதிரி எடுத்த இடைவெளியைக் கேள்வி கேட்டு எழுதி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. நடுவர் குறிப்பு ஒரு வரிகூட இல்லாமல் ஏற்பு வந்திருந்தால், கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள். அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓப்பன் ஆக்சஸ் என்றால் காசு கட்டுவது என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. 2002இல் புடாபெஸ்டில் வெளியான அறிவிப்புதான் இந்தச் சொல்லுக்கு வடிவம் கொடுத்தது. படிக்க, இறக்க, பகிர, தேட யாருக்கும் விலையோ தடையோ இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதற்கு அந்த அறிவிப்பு காட்டிய வழிகள் இரண்டு. ஆசிரியரே தன் கட்டுரையின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பது ஒன்று. இதழே திறந்த இதழாக நடப்பது இன்னொன்று. ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவது இரண்டாம் வழியில் சில பதிப்பகங்கள் தேர்ந்தெடுத்த வியாபார முறை, அவ்வளவுதான். களஞ்சியத்தில் வைப்பதைப் பச்சை வழி என்கிறார்கள். கட்டணம் வாங்கும் திறந்த இதழ் தங்க வழி. ஆசிரியரிடமும் வாங்காமல் வாசகரிடமும் வாங்காமல் கழகமோ அரசு நிறுவனமோ நடத்தும் இதழ் வைர வழி. சந்தா இதழ் ஒன்றிலேயே காசு கட்டியவரின் கட்டுரையை மட்டும் திறந்துவிடுவது கலப்பு முறை.

தங்க வழியின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: நேச்சர் இதழ் 2021இல் திறந்த வெளியீட்டுக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வாளருக்கு இது சம்பந்தமே இல்லாத தொகை. பெரிய பதிப்பகங்கள் கட்டண விலக்கு தருகின்றன என்று சொல்வார்கள். ஆனால் தானாகக் கிடைக்கும் விலக்கு பெரும்பாலும் ரிசர்ச்4லைஃப் பட்டியலில் உள்ள ஏழை நாடுகளுக்குத்தான். இந்தியா அதில் இல்லை. நாம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், அதையும் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஏற்பு வந்தபின் கேட்டால் பல இதழ்கள் கதவைச் சாத்திவிடும்.

ஆகவே உங்கள் முதல் கட்டுரைக்கு உரியது பச்சை வழி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிழைகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

ஒரு கட்டுரைக்கு மூன்று பதிப்புகள் உண்டு. நடுவர் பார்வைக்குப் போகும் முன் உங்களிடம் இருந்தது முன்பதிப்பு. நடுவர் சொன்ன திருத்தங்களைச் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பி, இதழ் ஏற்றுக்கொண்ட வேர்டு கோப்பு ஏற்கப்பட்ட கைப்பிரதி. பதிப்பகம் அச்சுக்கோத்து, சின்னமும் பக்க எண்ணும் போட்டு வெளியிட்டது இறுதிப் பதிப்பு. அறிவியல் உள்ளடக்கத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்றுதான்; வேறுபாடு அலங்காரத்தில். சந்தா இதழ்கள் மூன்றாவதை வெளியே வைக்க விடாது. இரண்டாவதை வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. பிழைதிருத்தத்துக்காக இதழ் அனுப்பும் புரூஃபும் பதிப்பகத்தின் வேலைப்பாடுதான் என்பதால் அதையும் வைக்கக் கூடாது. இது தெரியாமல் புரூஃபை ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய.

அந்த வேர்டு கோப்பு உங்களிடம் இல்லை என்றால் கலங்க வேண்டாம். கட்டுரையை அனுப்பிய கணக்கு நெறியாளருடையதாக இருக்கும். அவர் அந்தச் சமர்ப்பிப்புத் தளத்தில் நுழைந்து, முடிந்துபோன சமர்ப்பிப்புகளில் கடைசித் திருத்தத்தைத் திறந்தால் பெரும்பாலும் பிடிஎஃப் கிடைக்கும். ஓரத்தில் வரி எண் ஓடும், பரவாயில்லை. இனி எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏற்பு வந்த அன்றே ஒரு கோப்புறை போட்டு, கடைசி வேர்டு கோப்பு, படங்களின் மூலக் கோப்பு, ஏற்பு மின்னஞ்சல், கையெழுத்திட்ட ஒப்பந்தம் நான்கையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்து, அந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் பல ஆண்டுகள் இருந்த தளம் இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இயங்குகிறது. பிரிட்டனின் ஜிஸ்க் நிறுவனம் நடத்துவது, இலவசம். இதழின் எட்டு இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை அதில் போட்டால், மூன்று பதிப்புகளுக்கும் தனித்தனியாக எங்கே வைக்கலாம், எத்தனை மாதம் கழித்து வைக்கலாம், எந்த உரிமத்தில் வைக்கலாம் என்று காட்டும். ஏற்கப்பட்ட கைப்பிரதிக்குப் பெரிய பதிப்பகங்களில் 12 மாதக் காத்திருப்பு பரவலாக உண்டு. சில இதழ்களில் அது 24 மாதம் வரை போகும். அந்தக் காலம் பெரும்பாலும் ஏற்பு வந்த நாளிலிருந்து அல்ல, கட்டுரை இணையத்தில் முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். தளம் சொல்வதும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சொல்வதும் வேறுபட்டால் ஒப்பந்தமே செல்லும். ஆகையால் அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

வைக்க வேண்டிய இடம்? உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரைக் களஞ்சியம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் ஜெனோடோ. செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்திவருவது, கட்டணம் கிடையாது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட்டை வைத்தே உள்ளே நுழையலாம். 16 இலக்க ஆர்க்கிட் இன்னும் இல்லையென்றால் ஐந்து நிமிட வேலை, இன்றே எடுத்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களில் இது மிக அவசியம்: ஒரே ஆளின் முன்னெழுத்து ஓர் இதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் அச்சாகி இரண்டு ஆளாகப் பிரிந்துகிடப்பது நமக்குத்தான் அதிகம் நடக்கிறது.

ஜெனோடோவில் ஏற்றும்போது முதலில் கோப்பின் முதல் பக்கத்தின் மேலே ஒரு குறிப்பு போடுங்கள்: இது ஏற்கப்பட்ட கைப்பிரதி, இறுதிப் பதிப்பு இன்ன இதழில் இன்ன டிஓஐ எண்ணில் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) உள்ளது என்று. கைப்பிரதிக்கு ஜெனோடோ தனியாக ஒரு டிஓஐ தரும். அதோடு நின்றுவிடாமல், தொடர்புடைய படைப்புகள் என்ற கட்டத்தில் இதழின் டிஓஐயைக் கட்டாயம் இணையுங்கள். இணைக்காவிட்டால் இரண்டும் இரண்டு கட்டுரைகளாகத் தெரியும், மேற்கோள்கள் சிதறும். காத்திருப்புக் காலம் முடியவில்லையென்றால் எம்பார்கோ தேதியைக் குறித்துவிடலாம். கோப்பு பூட்டியிருக்கும், அந்த நாள் வந்ததும் தானாகத் திறக்கும். விவரங்களைப் பின்னால் திருத்தலாம், ஆனால் வெளியிட்ட கோப்பை மாற்ற வேண்டுமானால் புதிய பதிப்பாகத்தான் ஏற்ற வேண்டிவரும். அதனால் வெளியிடும் பொத்தானை அழுத்தும் முன் கோப்பை இன்னொருமுறை திறந்து பாருங்கள்.

கூகுள் ஸ்காலர் கண்ணில் படுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பிடிஎஃப் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும், எழுத்துகள் தேடக்கூடியவையாக இருக்க வேண்டும், முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்திலும் அதன் கீழே ஆசிரியர் பெயர்களும் வர வேண்டும். நண்டுப் படங்களை அப்படியே ஒட்டினால் கோப்பு 40 எம்பி ஆகிவிடும். படங்களைச் சுருக்கி ஒரு பிடிஎஃப் வைத்துவிட்டு, முழுத் தெளிவுள்ளவற்றைத் தனிக் கோப்பாக அதே பதிவில் சேர்க்கலாம்.

ரிசர்ச்கேட்டில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது ஒரு நிறுவனத்தின் சமூகவலைத்தளம், களஞ்சியம் அல்ல. எல்ஸ்வியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017இல் அதன்மீது வழக்குத் தொடுத்தபின் ஏராளமான கட்டுரைகள் அங்கிருந்து நீக்கப்பட்டன. அறிமுகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்புக்கு நம்பாதீர்கள்.

இனி மணக்குடி மீனவர்கள் கேட்ட பிரதி. கைப்பிரதியை அச்செடுத்து நேரில் கொடுப்பதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுப்பதில்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரையைக் கையில் கொடுத்தால் அது அவர்களுக்குத் திறந்ததாகிவிடுமா? உரிமம் என்ற சங்கதி கவனிக்கப்பட வேண்டியது இங்கேதான். சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) என்பவை ஒரு படைப்பை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் பொது உரிமங்கள். அவற்றில் சிசி பை உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு யாரும் பகிரலாம், மொழிபெயர்க்கலாம். சிசி பை-என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்ற இரண்டெழுத்து சேர்ந்திருந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றிய வடிவமாகவே கருதப்படும். அதாவது என்டி உரிமத்தில் வந்த ஒரு கட்டுரையை யாராவது தமிழாக்கி வெளியிட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். பதிப்புரிமையை நீங்கள் எழுதிக்கொடுத்துவிட்டால், உங்கள் கட்டுரையைத் தமிழாக்க நீங்களே பதிப்பகத்திடம் கேட்கும் நிலை. நம் மண்ணைப் பற்றிய ஆய்வு நம் மொழிக்கு வர இது நேரடியான தடை. பதிப்பகங்கள் உரிமத் தேர்வுப் பட்டியலில் என்டியைப் "பாதுகாப்பானது" போலக் காட்டும்போது பலர் யோசிக்காமல் அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். தேர்வு உங்கள் கையில் இருக்கும்போது சிசி பையை எடுங்கள்.

முதல் கட்டுரைக்கு இதற்கும் வழி இருக்கிறது. மொழிபெயர்ப்பாக இல்லாமல், கண்டறிந்தவற்றை உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதுங்கள். உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது; சொல்லிய விதத்துக்குத்தான் உண்டு. எந்த மாதத்தில் சினை நண்டு அதிகம், எந்த அளவுக்குக் கீழே பிடித்தால் அடுத்த ஆண்டு வரத்து குறையும், பழையாற்றுத் தண்ணீர் குறையும்போது முகத்துவாரத்தில் உப்பு எப்படி ஏறுகிறது என்று அவர்கள் பேசும் சொற்களில் எழுதி, சிசி பை உரிமத்தோடு ஜெனோடோவில் தனிப் பதிவாக வைத்து, கட்டுரையோடு இணைக்கலாம்.

அந்தத் தமிழ்க் கோப்பை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். எந்தத் தேடுபொறியிலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரக் குறியாக்கமாக அறிவித்தது 2010இல்; இன்றைக்கும் கருத்தரங்க மலர்கள் பழைய எழுத்துருவில் வருவது வருத்தம் தருகிறது. சோதனை எளிது: பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து வாட்சப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி.

இரண்டாவது கட்டுரைக்கு வருவோம். அந்த மின்னஞ்சலில் யுஜிசி அங்கீகாரம், ஸ்கோபஸ், இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மூன்றில் ஒன்றாவது இருக்கும் என்று நினைக்கிறேன். தரமான இதழ்கள் என்று வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலை யுஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே இப்போது "யுஜிசி-கேர் இதழ்" என்று விளம்பரம் செய்வதில் பொருளே இல்லை. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் தரவுத்தளம்; உங்கள் இதழ் அதில் உள்ளதா என்பதை அதன் சோர்சஸ் பக்கத்தில் ஐஎஸ்எஸ்என் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். பெயர் இருந்தாலும் எந்த ஆண்டுவரை என்று கவனியுங்கள். ஒருகாலத்தில் இருந்து நீக்கப்பட்ட இதழ்கள் அந்தப் பழைய பெயரிலேயே வசூல் செய்கின்றன. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் எண். வேறு அடைமொழிகளோடு சுற்றும் 'ஃபேக்டர்'கள் காசுக்கு வாங்கப்படும் எண்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பது தரச்சான்றும் அல்ல. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதுபோல, ஓட்டுநர் எப்படி ஓட்டுவார் என்று அது சொல்லாது.

இன்னொரு மோசடி, உண்மையான இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடிப் போலித்தளம் நடத்துவது. ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் எண்ணைத் தேடி, அங்கே பதிவான இணைய முகவரியும் உங்களுக்கு வந்த முகவரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம் வைத்திருக்கும் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலையும் பார்க்கலாம். அந்த இதழின் பழைய கட்டுரை இரண்டின் டிஓஐயை எடுத்து டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் எண்ணே பொய். கட்டணத்தைத் தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு சான்றுகள். 2013இல் சயன்ஸ் இதழின் செய்தியாளர் ஜான் போஹானன் வேண்டுமென்றே பிழை வைத்து எழுதிய போலிக் கட்டுரையை 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற இதழ்ப் பதிப்பகத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. ஆனாலும் இதைக் காட்டி ஓப்பன் ஆக்சஸ் எல்லாமே மோசடி என்று சொல்வது பெருந்தவறு. போஹானனின் கட்டுரையை நிராகரித்தவற்றில் பிளோஸ் ஒன் என்ற திறந்த இதழும் இருந்தது.

வெளியே வருவது இப்படி: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பதிப்புரிமை எதையும் மாற்றித் தரவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள், நெறியாளருக்கும் நகல் போகட்டும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19இன்படி, எழுத்தில் உரியவர் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. தளத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான் இருந்தால் அதையும் தொடாதீர்கள். திரும்பப் பெறவே கட்டணம் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் பொறுத்துத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, அவர்கள் வெளியிட்டுவிடவில்லை என்று உறுதி செய்தபின் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். வெளியிட்டிருந்தால், புதிய இதழின் ஆசிரியருக்கு முகப்புக் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லி, உங்கள் மின்னஞ்சலை இணைத்துவிடுங்கள். மறைத்தால் இரட்டை வெளியீடு என்ற பழி உங்கள்மேல் விழும்.

எங்கே அனுப்புவது? திறந்த இதழ்களின் பட்டியலான டிஓஏஜே தளத்தில் கட்டணம் இல்லாதவை என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். அங்குள்ள இதழ்களில் பெரும்பாலானவை ஆசிரியரிடம் காசு வாங்காதவைதான். உங்கள் துறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து 2009 முதல் வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா இருக்கிறது. திறந்த இதழ், சிசி பை உரிமம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸும், பெங்களூரின் கரன்ட் சயன்ஸும் இலவசமாகப் படிக்கக் கிடைப்பவை. அனுப்பும் முன் அந்தந்தத் தளத்தில் கட்டண விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறும். நல்ல இதழில் நடுவர் பரிசீலனைக்கு மூன்று முதல் ஆறு மாதம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி ஓராண்டு எண்ணி அனுப்பினால் அவசரத்தில் இந்த மாதிரி வலையில் விழ வேண்டியிருக்காது. யுஜிசியின் 2022 விதிகள் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடுவதைக் கட்டாயமாக வைக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் வைத்திருக்கலாம் என்பதால் ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிக்கும் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு என்று வகுக்கப்பட்டது அது. உங்கள் கல்லூரிக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். எப்படியானாலும் கல்லூரி வாசலுக்கு வெளியே இருக்கும் மணக்குடிக்காரருக்கு அது உதவாது. உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டுக்கொண்டால், பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பச்சைப் பூட்டு காட்டும். கடல் சார்ந்த பழைய ஆய்வுகளுக்குக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியம் பெரிய புதையல். நம் கரையோரக் கிராமங்களைப் பற்றிய அறிக்கைகளும் அதில் கிடைக்கும்.

திறக்கக் கூடாதவையும் உண்டு. பேட்டி கொடுத்த மீனவரின் பெயர், படகு எண், அவர் மட்டும் அறிந்த மீன்பிடி இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இவற்றைத் தரவுக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் காணி மக்களின் மருந்தறிவைச் சேகரிக்கும் உங்கள் தாவரவியல் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: அந்த ஊராரின் ஒப்புதல் இல்லாமல் எந்த உரிமத்திலும் அதை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை.

ஜெனோடோ பதிவு தயாரானதும் அதன் டிஓஐ முகவரிக்கு ஒரு கியூஆர் கட்டம் எடுத்து, இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தின் அடியில் அச்சிட்டு, மணக்குடியில் நண்டு ஏலம் போடும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். டிஓஐ முகவரியையே பயன்படுத்துங்கள். கல்லூரித் தளமோ கூகுள் டிரைவ் இணைப்போ என்றால் நீங்கள் படிப்பை முடித்து வெளியேறும்போது அது செத்துவிடும்.